புல்லும் பொதுமக்களும்: நியூயோர்க் சென்றல் பார்க்கில் பருவகாலக் கலைநிகழ்வுகளின் சமூக வரலாறு

1

நகரப் பொதுப் பூங்காக்களிலே பருவந்தோறும் நடைபெறும் இசை, நாடக நிகழ்வுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கொடையாளரின் தாராள மனத்துக்கோ, நகரபிதாக்களின் தூரதிருஷ்டிக்கோ, தனியொரு கலைஞனின் விடாமுயற்சிக்கோ உரியனவாகக் காட்டிச் செல்வர். இத்தகைய எழுத்துக்களில் மக்கள் பார்வையாளராக மட்டுமே இடம்பெறுவர். யாரோ தரும் விருந்தை உண்டு கலைந்து செல்லும் கூட்டமாகவே அவர்கள் சித்திரிக்கப்படுவர். ஆயின் கலைவரலாற்றைச் சமூக வரலாற்றின் ஒரு கூறாக நோக்குமிடத்து வேறு சில வினாக்களை நாம் எழுப்ப வேண்டியுள்ளது. நிகழ்வு எந்த நாளில் நடைபெறுகின்றது? எந்த நிலத்தில் நடைபெறுகின்றது? அதற்கான செலவை யார் ஏற்கின்றனர்? செலவை ஏற்பவர் பதிலுக்கு எதனை எதிர்பார்க்கின்றனர்? ஓர் இடம் பொது என்றும் ஒரு நிகழ்வு இலவசம் என்றும் அறிவிக்கப்பட்டதனால் மாத்திரம் அவை மக்களுடையன ஆகிவிடுவதில்லை என்பதை இவ்வினாக்கள் உணர்த்தும்.

இவ்வினாக்களை முன்வைத்து, நியூயோர்க் மாநகரின் மான்ஹற்றன் பகுதியிலுள்ள சென்றல் பார்க்கின் கலைநிகழ்வுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலாளித்துவ உலகின் தலைமை நகரொன்றின் நடுவே 843 ஏக்கர் நிலம் விற்பனைக்கு அப்பாற்பட்டதாக வைக்கப்பட்டுள்ளமை ஒரு முரண்பாடு. அந்நிலத்தில் கோடைதோறும் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் கட்டணமின்றி மேடையேறுவது இன்னொரு முரண்பாடு. இவ்விரு முரண்பாடுகளும் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இன்றுவரை நீடிக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள, பூங்காவின் தோற்றத்திலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும். இவ்வரலாறு முழுவதிலும் ஒரு வாதம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் தகும். அது புல்லைப் பற்றிய வாதம்.

2

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயோர்க்கின் வணிக, நிதி முதலாளிகள் தம் நகரம் லண்டனுக்கும் பாரிசுக்கும் நிகரான பெரும் பூங்காவொன்றைப் பெறவேண்டும் என விரும்பினர். கவிஞரும் பத்திரிகாசிரியருமான வில்லியம் கலன் பிரயன்ற் 1844ஆம் ஆண்டிலேயே இக்கோரிக்கையை எழுப்பியிருந்தார். 1853இல் மாநிலச் சட்டசபை நிலத்தைச் சுவீகரிக்க அதிகாரம் வழங்கியது. சுவீகரிக்கப்பட்டது வெறும் தரிசு நிலமன்று. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,600 பேர் 1857 அளவில் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஐரிஷ், ஜேர்மன் குடியேறிகள் பலர் இருந்தனர். செனக்கா கிராமம் என அறியப்பட்ட குடியிருப்பும் அங்கேதான் இருந்தது. 1825இல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி உருவாக்கிய அக்கிராமத்தில், 1855 அளவில் ஏறக்குறைய 225 பேர் வாழ்ந்தனர். மூன்று தேவாலயங்களும் ஒரு பாடசாலையும் இருந்தன. கறுப்பின ஆண்மகன் வாக்களிப்பதற்கு 250 டொலர் பெறுமதியான சொத்து வைத்திருக்க வேண்டும் என நியூயோர்க் மாநிலச் சட்டம் விதித்திருந்த காலம் அது. எனவே அங்கு காணி வைத்திருப்பது குடியுரிமையின் அடிப்படையாகவும் அமைந்தது. பொதுநலத்தின் பெயரால் அக்காணி எடுக்கப்பட்டபோது, அதனோடு அவ்வுரிமையின் பொருளாதார அடிப்படையும் போயிற்று. பொது என்னும் சொல்லின் முதற் பயன்பாடே இவ்வாறு ஒரு சாராரை வெளியேற்றுவதாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

1858இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்டெட், கல்வெட் வோக்ஸ் ஆகிய இருவரின் திட்டம் தெரிவுசெய்யப்பட்டது. 1857ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியால் வேலையிழந்திருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தும் சதுப்பு நிலத்தை நிரப்பியும் அத்திட்டத்துக்கு உருக்கொடுத்தனர். இன்று இயற்கை எனத் தோன்றும் அக்குன்றுகளும் நீர்நிலைகளும் பெரும்பாலும் அவர்தம் உழைப்பினால் ஆனவை. ஒல்ம்ஸ்டெட்டின் நோக்கில் பூங்கா என்பது அமைதியான காட்சியின்பத்துக்கான இடமாகும். நகரத்தின் இரைச்சலையும் போட்டியையும் மறந்து, ஒழுங்காக உலாவி, மனம் பண்பட்டுச் செல்வதற்கான இடமாகவே அவர் அதனைக் கருதினார். இதற்கமைய விதிகள் வகுக்கப்பட்டன. கூட்டமாக அமர்ந்து உணவுண்ணும் விருந்துகள் தடைசெய்யப்பட்டன. சிறுவர் பந்தாடுவதற்குப் பாடசாலை அதிபரின் நற்சான்று வேண்டியிருந்தது. சிறுவணிகர் தம் வியாபார வண்டியில் குடும்பத்தை ஏற்றிவருதல் அனுமதிக்கப்படவில்லை. செல்வரின் உல்லாச வண்டிகளுக்கோ அழகிய பாதைகள் அமைக்கப்பட்டன. புற்றரைகளில் நடப்பது குறிப்பிட்ட நாட்கள் தவிர விலக்கப்பட்டிருந்தது. 1864 முதல் 1934 வரை அங்குள்ள புல்வெளியொன்றில் செம்மறியாடுகள் மேய்க்கப்பட்டன. அவ்வெளிக்கு இன்றும் அதுவே பெயர். கிராமியக் காட்சியொன்றை நகரத்தாருக்குக் காட்டும் பொருட்டு ஆடுகளுக்கு வழங்கப்பட்ட சலுகை, அக்காட்சியைக் காணவந்த மனிதர்க்குக் கிட்டவில்லை.

3

பூங்காவின் முதற் பருவகால நிகழ்வு கலைநிகழ்வன்று. 1858ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஏரி உறைந்தபோது மக்கள் பனிச்சறுக்க வந்தனர். பூங்கா முற்றுப்பெறுமுன்னரே திரண்ட அக்கூட்டம் மேற்குறித்த ஒழுங்கு விதிகளுக்குள் எளிதில் அடங்குவதாயிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1859 கோடையில், ஹார்வி டொட்வேர்த்தின் இசைக்குழு திறந்தவெளி நிகழ்ச்சிகளை நடத்தியது. நுழைவுக்கட்டணம் இல்லை. ஆயின் அவை சனிக்கிழமை பிற்பகல்களிலேயே நடைபெற்றன. வாரத்துக்கு ஆறு நாள் உழைத்த தொழிலாளிக்குச் சனி வேலைநாள். மேலும், தொழிலாளர் குடியிருப்புகள் தீவின் தென்பகுதியிலிருந்தன. குதிரை இழுக்கும் தெருவண்டியில் குடும்பத்துடன் போய்வரும் கட்டணமே அவர்களுக்குச் சுமையாயிருந்தது. எனவே கட்டணமில்லாத இசையைக் கேட்பதற்கு ஓய்வுநேரம் என்னும் சொத்து தேவைப்பட்டது. அச்சொத்து யாரிடம் இருந்ததோ அவர்களே சபையோர் ஆயினர்.

தொழிலாளிக்குக் கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அந்நாளில் இசை நிகழ்த்துவதைப் புரட்டஸ்தாந்த சமயப் பிரிவினரில் ஓய்வுநாள் ஆசாரத்தைக் கடுமையாகப் பேணியோர் எதிர்த்தனர். ஜேர்மன் குடியேறிகளுக்கோ ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகக் கூடி இசை கேட்டு, பியர் அருந்தி மகிழ்வது தாயகத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம். அவர்கள் சென்றல் பார்க்கைத் தவிர்த்து, ஈஸ்ற் ஆற்றங்கரையிலிருந்த ஜோன்ஸ் சோலை போன்ற வணிகக் களியாட்ட இடங்களுக்குச் சென்றனர். ஞாயிறு பற்றிய இத்தகராறு மேலோட்டமாகச் சமய விவாதம்போல் தோன்றினும், அதன் உட்கிடை உழைப்பு நேரம் பற்றியதாகும். ஆறு நாள் உழைப்பை முதலாளிக்கும் ஏழாம் நாளைத் திருச்சபைக்கும் ஒதுக்கிய பின்னர் தொழிலாளிக்கென எஞ்சுவது யாது என்பதே கேள்வி.

தொழிலாளர் அமைப்புகளும் குடியேறிகளும் பத்திரிகைகளிற் சிலவும் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியதன் பின்னரே, 1884ஆம் ஆண்டுக் கோடையில் ஞாயிறு இசைநிகழ்ச்சிகள் தொடங்கின. மக்கள் பெருந்திரளாக வந்தனர். பூங்காவினுள் அமைந்த மெற்றோபொலிற்றன் கலைக்கூடமும், பெருந்தொகையானோர் கையொப்பமிட்ட மனுக்களின் விளைவாக, 1891இல் ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கப்பட்டது. பருவம் என்பது இயற்கையால் மட்டும் அமைவதன்று என்பதை இவ்விரு நிகழ்வுகளும் புலப்படுத்துகின்றன. வெயிலும் பனியும் எல்லோர்க்கும் ஒன்றாகவே வருகின்றன. அவற்றை அனுபவிப்பதற்கான நாள் வேலைநேரத்தால் நிர்ணயிக்கப்படுகின்றது. நியூயோர்க்கின் கோடைக்கால இசை மக்களுக்குரியதானது அது இலவசமாக வழங்கப்பட்ட ஆண்டிலன்று. அது ஞாயிற்றுக்கு மாற்றப்பட்ட ஆண்டிலேயே எனலாம்.

அதன் பின்னரும் செலவுக் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. 1923இல் எழுப்பப்பட்ட இசையரங்கு எல்கன் நௌம்பேர்க் என்னும் வங்கியாளரின் கொடை. கோல்ட்மன் இசைக்குழுவின் கோடை நிகழ்ச்சிகளுக்குச் சுரங்கத் தொழிலாற் செல்வம் குவித்த குகன்ஹைம் குடும்பம் பணம் வழங்கியது. சுரங்கத்தில் ஈட்டிய உபரியின் ஒரு துளி பூங்காவில் இசையாகத் திரும்பியது. ஆயினும் அவ்விசையைக் கேட்டோர் அதனைத் தம்முடையதாகவே கொண்டனர் என்பதும் மறுக்கவியலாதது. பண்பாட்டு நிகழ்வொன்றின் நிதிமூலம் அதன் முழுப் பொருளையும் தீர்மானித்துவிடும் எனக் கொள்வது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும்.

4

1929இன் பெருமந்தம் பூங்காவின் வரலாற்றில் இன்னொரு கட்டத்தைத் தொடக்கியது. பூங்காவின் நடுவிலிருந்த பழைய நீர்த்தேக்கம் வற்றவைக்கப்பட்டு, அவ்விடத்தில் பெரும் புல்வெளியொன்றை அமைக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. பணமின்மையால் வேலை தடைப்பட, 1931 அளவில் வீடிழந்தோர் அப்பள்ளத்தில் குடிசைகளை அமைத்துக்கொண்டனர். அப்போதைய சனாதிபதி ஹூவரின் பெயரால் அத்தகைய குடியிருப்புகளை ஹூவர்வில் என மக்கள் ஏளனமாக அழைத்தனர். 1933இல் வேலை மீண்டும் தொடங்கியபோது குடிசைகள் அகற்றப்பட்டன. பின்னாளில் டெலகோர்ட் அரங்கு எழுந்த இடம் இந்த நிலத்தின் ஓரத்திலேயே உள்ளது. செனக்கா கிராமம் இருந்த இடம் அதற்குச் சற்று வடமேற்கே. ஒரே சுற்றுவட்டத்தில் இருமுறை குடியிருப்புகள் அகற்றப்பட்டு நிலம் புல்லுக்காகத் துப்புரவு செய்யப்பட்டுள்ளது.

1934இல் ரொபேட் மோசஸ் மாநகரப் பூங்காத் திணைக்களத்தின் ஆணையாளரானார். 1960 வரை அவர் அப்பதவியில் இருந்தார். விளையாட்டுத் திடல்களையும் நீச்சற் குளங்களையும் பெருந்தொகையாக அமைத்தவர் அவர். அரசின் நிவாரண வேலைத்திட்டங்களின் கீழ் வேலையற்றோரைக் கொண்டே அவற்றை அமைத்தார். ஆடுகளை அகற்றியவரும் அவரே. ஆயின் அகற்றிய ஆட்டுக்கொட்டில் உணவகமாக மாற்றப்பட்டது. பூங்காவைப் பயன்பாட்டுக்குரியதாக்கிய அதே கரம், பயன்படுத்துவோரைத் தன் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கவும் முனைந்தது.

இதே காலப்பகுதியில், 1935 முதல் 1939 வரை, ஹலி பிளனகனின் தலைமையில் இயங்கிய கூட்டாட்சி நாடகத் திட்டம் வேலையற்ற கலைஞர்க்கு அரச ஊதியம் வழங்கியது. நியூயோர்க்கின் பூங்காக்களுக்கு லொறிகளில் மேடைகள் கொண்டுசெல்லப்பட்டு நாடகங்கள் நிகழ்த்தப்பட்டன. அமெரிக்க வரலாற்றில் அரசே நாடகத்தைப் பொதுப் பணியாக ஏற்ற காலம் இதுவாகும். கம்யூனிஸ்ட் செல்வாக்கு என்ற குற்றச்சாட்டு எழுப்பப்பட, 1939இல் காங்கிரஸ் அதற்கான நிதியை நிறுத்தியது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இம்முன்னிகழ்வு இன்றியமையாதது. திறந்தவெளி நாடகம் அமெரிக்காவில் ஒருமுறை வாழ்ந்து, அரசியற் காரணத்தால் அழிக்கப்பட்டிருந்தது.

5

ஜோசெப் பாப் 1921இல் புரூக்ளினில் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். வீட்டு மொழி இத்திஷ். தந்தை பெட்டி செய்யும் தொழிலாளி. பொது நூலகமே அவருக்கு ஷேக்ஸ்பியரை அறிமுகப்படுத்தியது. நாடகமும் நூலகத்தைப்போலக் கட்டணமின்றி யாவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் வாதிட்டமைக்கு இவ்வநுபவமே அடிப்படை. 1954இல் கிழக்கு 6ஆம் வீதியிலிருந்த தேவாலயமொன்றில் அவர் நாடகப் பட்டறையைத் தொடங்கினார். 1956 கோடையில் தொழிலாளரும் குடியேறிகளும் செறிந்து வாழ்ந்த லோவர் ஈஸ்ற் சைட் பகுதியிலுள்ள ஈஸ்ற் ரிவர் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை மேடையேற்றினார். முன்னர் நாடகமே பார்த்திராத பலர் அங்கு வந்தனர். 1957இல் லொறியில் ஏற்றிய மேடையுடன் நகரின் பூங்காக்களைச் சுற்றிவந்த குழு, இறுதியில் சென்றல் பார்க்கில் நிலைகொண்டது.

1958 யூனில், பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் பற்றிய விசாரணைக் குழு முன் பாப் அழைக்கப்பட்டார். பிறர் பெயரைக் காட்டிக்கொடுக்க அவர் மறுத்தார். அவர் தொழில்செய்த தொலைக்காட்சி நிறுவனம் உடனே அவரைப் பதவி நீக்கியது. தொழிற்சங்கத்தின் ஊடான நடுத்தீர்ப்பினாலேயே வேலையை மீளப்பெற்றார். இந்தப் பின்னணியில் 1959ஆம் ஆண்டின் தகராற்றை நோக்குதல் வேண்டும்.

அவ்வாண்டு மோசஸ் ஒரு நிபந்தனை விதித்தார். நாடகம் பார்க்க வருவோரிடம் ஒரு டொலர், இரண்டு டொலர் வீதம் கட்டணம் அறவிட வேண்டும்; அதில் ஒரு பங்கைப் பூங்காவுக்குச் செலுத்த வேண்டும்; இன்றேல் அனுமதி இல்லை. காரணம் யாதெனில், கூட்டம் புல்லை மிதித்து மண்ணரிப்பை உண்டாக்குகின்றது என்பதாகும். பாப் மறுத்தார். அதேவேளை பாப்பின் கம்யூனிஸ்ட் தொடர்புகளைக் குறித்து எழுதப்பட்ட மொட்டைக் கடிதமொன்றை மோசஸ் பிறருக்கு அனுப்பியமையும் வெளிவந்தது. புல்லும் அரசியலும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மோசஸின் வாதத்தை வெறும் சாட்டு எனத் தள்ளிவிடாமல் ஆராய்தல் பயனுடையது. புல் உண்மையில் தேய்கின்றது. அதனைப் பராமரிக்கத் தொழிலாளரும் பணமும் தேவை. பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோர் அதன் தேய்மானத்துக்கு விலை கொடுக்க வேண்டும் என்னும் கூற்று நியாயமானதாகவே தோன்றும். ஆயின் அத்தேய்மானம் வரிப்பணத்தாற் பராமரிக்கப்படும் பொதுப் பயன்பாட்டின் இயல்பான செலவா, அன்றி ஒவ்வொரு நுகர்வோனும் தனித்தனியே செலுத்த வேண்டிய விலையா என்பதே பிரச்சினையாகும். முதலாவதை ஏற்றால் நாடகம் நூலகத்தோடும் பாடசாலையோடும் சேரும். இரண்டாவதை ஏற்றால் அது சந்தைப் பண்டமாகும். ஒரு டொலர் சிறுதொகை எனலாம். ஐந்து பேர் கொண்ட தொழிலாளர் குடும்பத்துக்கு அது ஐந்து டொலர். அதனிலும் முக்கியமாக, வாயிலில் கட்டணப் பெட்டி வைக்கப்பட்ட அக்கணமே வருபவன் குடிமகன் என்னும் நிலையிலிருந்து வாடிக்கையாளன் என்னும் நிலைக்கு மாறுகின்றான்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. முதலில் மோசஸுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. 1959 யூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றி, கட்டண நிபந்தனை நியாயமற்றதும் தன்னிச்சையானதுமாகும் எனத் தீர்ப்பளித்தது. மோசஸ் பின்னர் ஆசனம், தரையமைப்பு முதலியவற்றுக்கு 20,000 டொலர் வேண்டுமென்றார். அது நன்கொடைகளாற் கிடைத்தது. ஓகஸ்ட் மாதம் மேடையேறிய நாடகம் 'ஜூலியஸ் சீசர்'. அதிகாரம் ஒருவர் கையிற் குவிவதைப் பற்றிய நாடகத்தைக் கால் நூற்றாண்டு ஆட்சி செய்த ஆணையாளரின் புல்வெளியில் மக்கள் கட்டணமின்றிப் பார்த்தனர்.

6

1962 யூனில் டெலகோர்ட் அரங்கு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,800 ஆசனங்கள் கொண்ட அவ்வரங்குக்கு மாநகர நிர்வாகமும் பணம் ஒதுக்கியது. மலிவு விலை சஞ்சிகைகளாலும் படக்கதை நூல்களாலும் செல்வந்தரான பதிப்பாளர் ஜோர்ஜ் டெலகோர்ட் 150,000 டொலர் வழங்கினார். வெகுசனப் பிரசுரங்களை வாங்கிய மக்களின் சில்லறைக் காசு மறைமுகமாக அரங்காயிற்று, பெயரோ பதிப்பாளருக்குரியதாயிற்று.

முதல் நாடகம் 'வெனிஸ் வணிகன்'. ஜோர்ஜ் சி. ஸ்கொட் ஷைலொக்காக நடித்தார். மொரோக்கோ இளவரசனாக ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸ் தோன்றினார். அக்கறுப்பினக் கலைஞர் 1964இல் ஒதெல்லோவாகவும் 1973இல் லியர் மன்னனாகவும் அம்மேடையில் நடித்தார். வணிக அரங்கு கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் கலைஞர்களை வேலைக்காரர் பாத்திரங்களுக்கு ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் இது நிகழ்ந்தமை அவதானிக்கத்தக்கது. கட்டணம் நீங்கியதும் சபையின் சேர்மானம் மாறியது. சபை மாறியபோது மேடையும் மாறவேண்டியதாயிற்று. நகரின் பேச்சுமொழிகளின் ஒலிநயம் ஷேக்ஸ்பியரின் உரையாடல்களினுள் புகுந்தது. இலக்கிய வடிவம் தன் நுகர்வோரோடு கொள்ளும் உறவினால் உருமாறும் என்ற கொள்கைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஷேக்ஸ்பியரை மக்களுக்கு வழங்குவது உயர்குழாத்தின் பண்பாட்டைக் கீழே இறக்கித் தருவதே என்ற ஆட்சேபம் முற்போக்காளரிடையே எழக்கூடும். எலிசபெத் காலத்து லண்டனில் ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்று நாடகம் பார்த்த கைவினைஞரையும் பயிலுநரையும் இவ்வாட்சேபம் மறந்துவிடுகின்றது. கூரையற்ற முற்றத்தில், பகலொளியில், கலப்பான சபைக்கென எழுதப்பட்ட நாடகங்களை மூடிய மண்டபத்துக்குள் கொண்டுசென்று விலை வைத்தமை பிற்கால நிகழ்வாகும். பூங்காவில் அவற்றை நிகழ்த்தியது ஒருவகையில் அபகரிக்கப்பட்டதை மீட்டலேயாம்.

ஆயின் மீட்டதை நிலைநிறுத்தும் பொருளாதாரம் சந்தையிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1975இல் பாப்பின் நிறுவனம் உருவாக்கிய 'ஏ கோரஸ் லைன்' என்னும் இசைநாடகம் புரோட்வேயில் 1990 வரை 6,137 தடவைகள் மேடையேறியது. அதன் இலாபம் இலவச நாடகங்களைத் தாங்கியது. உயர்ந்த விலையில் நுழைவுச்சீட்டு வாங்கிய ஒரு சபை, கட்டணமின்றிப் பார்த்த இன்னொரு சபைக்குத் தன்னையறியாமல் செலவு செய்தது. அரசு ஏற்காத பொறுப்பைச் சந்தையின் ஒரு வெற்றி ஏற்றது. வெற்றி என்பதோ எதிர்பார்த்து நடத்தக்க ஏற்பாடன்று.

7

1975ஆம் ஆண்டு நியூயோர்க்கின் நிதி நெருக்கடியின் ஆண்டுமாகும். மாநகரின் செலவினங்கள் வெட்டப்பட்டன, பூங்காக்கள் சீரழிந்தன. 1980இல் நிறுவப்பட்ட சென்றல் பார்க் பேணுகைச் சபை தனியார் கொடைகளைத் திரட்டிப் பூங்காவைப் புதுப்பித்தது. பூங்கா மீண்டும் பசுமை பெற்றது உண்மை. ஆயின் பொதுச்சொத்தின் பராமரிப்பு, சூழவுள்ள செல்வந்தரின் நன்கொடையில் தங்கத் தொடங்கியது. கொடையாளர் இல்லாத வறிய பகுதிப் பூங்காக்களுக்கு இவ்வழி திறக்கவில்லை.

இப்புதிய ஏற்பாட்டின் கீழ்ப் புல்லைப் பற்றிய பழைய வாதம் திரும்பிவந்தது. 1982 யூன் 12ஆம் திகதி அணுவாயுத எதிர்ப்பாளர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் சென்றல் பார்க்கில் கூடியிருந்தனர். 2004 ஓகஸ்டில், குடியரசுக் கட்சி மாநாடு நியூயோர்க்கில் நடந்தபோது, ஈராக் போரை எதிர்த்தோர் பெரும் புல்வெளியில் கூட அனுமதி கோரினர். புல் சேதமுறும் எனக் கூறி அனுமதி மறுக்கப்பட்டது. நீதிமன்றங்களும் அன்று அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அதே புல்வெளியில் முந்திய ஆண்டு செப்டெம்பரில் பெருநிறுவனமொன்றின் அனுசரணையுடன் மாபெரும் ரொக் இசைநிகழ்ச்சி நடந்திருந்தது. கோடைதோறும் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நிகழ்ச்சிகளும் நடந்துவந்தன. புல் இசைக்கு ஒருவிதமாகவும் எதிர்ப்புக்கு இன்னொருவிதமாகவும் தேய்வதில்லை. 1959இல் புல் கட்டணம் கேட்டது. 2004இல் அது மௌனம் கேட்டது.

நாடகத்தின் இலவசத் தன்மையும் உட்புறமாக அரிக்கப்பட்டது. நுழைவுச்சீட்டுக்காக மக்கள் விடியற்காலை முதல் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். பணம் உள்ளோர் தமக்காக வரிசையில் நிற்க ஆட்களை அமர்த்தினர். ஒரு சீட்டுக்கு 125 டொலர் வரை கேட்கப்பட்டது. 2010இல் மாநிலச் சட்டமா அதிபர் இவ்விற்பனைக்கெதிராக நடவடிக்கை எடுத்தார். நிறுவனமே குறிப்பிட்ட தொகை நன்கொடை வழங்குவோர்க்கு ஆசனங்களை ஒதுக்கும் வழக்கத்தையும் கொண்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் ஞாயிறு பற்றி எழுந்த பிரச்சினை இங்கு வேறு வடிவில் தோன்றுகின்றது. விலை நீக்கப்பட்ட இடத்தில் நேரம் விலையாகின்றது. நேரத்தையும் விலைக்கு வாங்கலாம்.

நிதி தருவோர் பதிலுக்கு எதனை எதிர்பார்க்கின்றனர் என்ற வினாவுக்கு 2017ஆம் ஆண்டு விடையளித்தது. டெலகோர்ட் அரங்கில் மீண்டும் 'ஜூலியஸ் சீசர்'. சீசர் அன்றைய அமெரிக்க சனாதிபதி டொனல்ட் ட்ரம்பை நினைவூட்டும் தோற்றத்தில் வந்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் டெல்ரா விமான நிறுவனம் தன் அனுசரணையை நிறுத்தியது; பாங்க் ஒவ் அமெரிக்கா அந்நாடகத்துக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. மோசஸ் என்னும் அரச அதிகாரி 1959இல் செய்யமுயன்றதை, 2017இல் எவ்வித நீதிமன்றத்துக்கும் உட்படாமல் பெருநிறுவனங்கள் செய்தன. அதிகாரியின் தீர்மானத்தை எதிர்த்து மேன்முறையீடு செய்ய வழி இருந்தது. கொடையாளரின் மனமாற்றத்தை எதிர்த்து அத்தகைய வழி எதுவும் இல்லை.

எனினும் வரலாறு ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. 2013இல் அதே அரங்கில் 'த ரெம்பெஸ்ற்' நாடகம், நகரின் பல சமூக அமைப்புகளைச் சேர்ந்த ஏறக்குறைய இருநூறு சாதாரண மக்கள் தொழில்முறைக் கலைஞரோடு சேர்ந்து பங்குபற்ற, மேடையேறியது. அவ்வமைப்புகளுள் வீட்டுப் பணியாளரின் சங்கமும் ஒன்று. ஆசனத்துக்கான உரிமையிலிருந்து மேடைக்கான உரிமைக்கு நகர்ந்த முக்கியமான அடியெடுப்பு இது. 2023இல் திருத்த வேலைகளுக்காக மூடப்பட்ட அரங்கு, ஏறத்தாழ 85 மில்லியன் டொலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2025 ஓகஸ்டில் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்துடன் மீளத் திறந்தது. அனுமதி இன்னும் கட்டணமற்றதே.

8

அதீனிய மக்களாட்சி, தியோரிகோன் எனப்பட்ட பொதுநிதியிலிருந்து வறிய குடிமக்களுக்கு நாடகக் கட்டணத்தை வழங்கியது. பருவவிழாவில் நாடகம் பார்ப்பது குடிமைக் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டதன் விளைவு அது. அடிமைகள் அந்தக் குடிமைக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டனர் என்பதும் உண்மை. சென்றல் பார்க்கின் வரலாறும் இவ்விரு பக்கங்களையும் உடையது. செனக்கா கிராமத்தை அழித்தெழுந்த பூங்கா அது. கறுப்பினக் கலைஞன் லியராக நின்ற பூங்காவும் அதுவே.

தமிழில் இலவசம் என்னும் சொல் கொடுப்போன் ஒருவனை முன்னிறுத்துவது. பொது என்னும் சொல்லுக்கு அத்தகைய தேவை இல்லை. மேலே நாம் நோக்கிய தகராறுகள் யாவும் முதலாவதை இரண்டாவதாக மாற்றும் முயற்சிகளாகும். சனிக்கிழமை இசை இலவசமாயிருந்தது, ஞாயிற்றிசை பொதுவாயிற்று. கொடையாளரின் மண்டபம் இலவசமாகலாம். நீதிமன்றம் வரை சென்று காக்கப்பட்ட கட்டணமின்மையே பொதுவாகும். நமது கோயில் வீதிகளில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்துக்கும் நுழைவுச்சீட்டு இருக்கவில்லை. ஆயினும் யார் எங்கே அமரலாம், யார் அண்ணாவியாராகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கட்டணம் இல்லாமை சமத்துவத்துக்குப் போதாது என்பதை நாம் அறிவதற்கு நியூயோர்க் செல்ல வேண்டியதில்லை. ஆயின் கட்டணம் வந்துவிட்டால் சமத்துவம் பற்றிய பேச்சே எழாமற் போகும் என்பதை அந்நகரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மிதித்த புல் அடுத்த பருவத்தில் முளைக்கும். ஒருமுறை மூடப்பட்ட பொதுவெளி தானாகத் திறப்பதில்லை. ஞாயிற்றைப் பெறுவதற்கு ஒரு கால் நூற்றாண்டும், கட்டணமின்மையைக் காப்பதற்கு ஒரு வழக்கும் தேவைப்பட்டன. பேணுகையின் பெயராலும் அனுசரணையின் பெயராலும் இன்று எழுப்பப்படும் வேலிகளுக்கு எத்தகைய இயக்கம் தேவைப்படும் என்பது அந்நகர மக்கள் விடை காணவேண்டிய வினா. தத்தம் நகரங்களில் பொதுவெளி சுருங்கிவருவதைக் காணும் எல்லோர்க்கும் உரிய வினாவும் அதுவே.